வளரும் நாடுகளில் நகரங்கள் வளரும் விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகர வளர்ச்சியை நாட்டுக்கு நாடு ஒப்பிடும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பெரும்பாலோர் முதலில் பார்ப்பது மக்கள்தொகையையும் அது பெருகும் வேகத்தையும்தான். வேகம் புறக்கணிக்கத்தக்கதல்ல, ஆண்டுக்கு 4 விழுக்காடு வளரும் நகரம் ஏறத்தாழ 18 ஆண்டுகளில் இரு மடங்காகும், 36 ஆண்டுகளில் நான்கு மடங்காகும். ஆனால் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்ந்த இரண்டு நகரங்களில் ஒன்றில் தெருக்களும் குழாய்களும் சீராக இருப்பதற்கும், மற்றொன்றில் ஒரு தலைமுறை கழிந்த பின்னும் மக்கள் தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்பதற்கும் வேகம் காரணமாகாது. அங்கே வேறு இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. நகரம் எந்தத் திசையில் விரிகிறதோ அந்தத் திசையில் உள்ள நிலம் யாருடையது, அதை விளைநிலத்திலிருந்து மனையாக மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பது முதல் கேள்வி. வீடு, சாலை, குழாய், உரிமைப் பத்திரம் ஆகிய நான்கும் எந்த வரிசையில் வந்து சேர்கின்றன என்பது இரண்டாவது.

நகரமைப்புத் திட்டங்களில் பத்திரம் முதலில் வரும், சாலையும் குழாயும் அடுத்து வரும், வீடு கடைசியில் எழும். வளரும் நாடுகளின் நகரங்களில் பெரும் பகுதி இதற்கு நேர்மாறாக வளர்ந்தது. ஆட்கள் முதலில் குடியேறினார்கள், பிறகு சுவர் எழுப்பினார்கள், மின்சாரம் சில ஆண்டுகளில் வந்தது, தண்ணீர் இன்னும் பல ஆண்டுகள் கழித்து வந்தது, பத்திரம் கடைசியில் வந்தது அல்லது வரவேயில்லை. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு கேள்விகளையே திரும்பத் திரும்பத் தொடுகின்றன.

நகரம் என்பதற்கு எல்லா நாடுகளுக்கும் பொதுவான வரையறை உண்டா?

நீண்ட காலம் இருந்ததில்லை. மெக்சிகோவில் 2,500 பேர் வாழும் ஊர் நகர்ப்புறமாகும். எத்தியோப்பியாவில் 2,000 பேர் போதும். பிரேசிலில் தலைக் கணக்கே இல்லை. உள்ளாட்சிச் சட்டம் எந்த எல்லையை நகர்ப்புறம் என்று அறிவிக்கிறதோ அதுவே நகர்ப்புறம். இந்தியாவின் அளவுகோல் இவற்றைவிடக் கடினமானது. சட்டப்படி நகராட்சியாகவோ பேரூராட்சியாகவோ அறிவிக்கப்படாத ஓர் ஊர் 5,000 மக்களையும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்ற அடர்த்தியையும், முதன்மையாக உழைக்கும் ஆண்களில் முக்கால் பங்கினர் வேளாண்மை அல்லாத வேலையில் இருக்க வேண்டும் என்ற விதியையும் சேர்த்தே நிறைவு செய்தால்தான் கணக்கெடுப்பில் நகரமாகப் பதியப்படும். அப்படிப்பட்ட கணக்கெடுப்பு நகரங்கள் 2001இல் 1,362 ஆக இருந்து 2011இல் 3,894 ஆக உயர்ந்தன. இவற்றில் பெரும்பாலானவை புள்ளிவிவரத்தில் நகரமாகவும் நிர்வாகத்தில் கிராம ஊராட்சியாகவும் இருப்பவை. அடுக்குமாடி எழும், ஆனால் கழிவுநீர்க் குழாய் பதிக்கும் பொறுப்பும் பணமும் உள்ள அமைப்பு அங்கே இருக்காது.

ஆகவே 2011இல் இந்தியாவின் நகர்ப்புறப் பங்கு 31 விழுக்காடு, 2010இல் பிரேசிலின் பங்கு 84 விழுக்காடு என்ற இரண்டு எண்களை அருகருகே வைத்து, ஒரு நாடு மற்றொன்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு நகரமயமாகிவிட்டது என்று முடிவு கட்டுவது தவறு. வேறுபாடு உண்மைதான், ஆனால் அதில் ஒரு பகுதி அளவுகோலின் வேறுபாடு. இந்தச் சிக்கலைத் தீர்க்க ஐக்கிய நாடுகள் அவையின் புள்ளியியல் ஆணையம் 2020இல் ஒரு பொது முறையை ஏற்றுக்கொண்டது. அதன்படி நிலப்பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. கட்டத்துக்கு 1,500 பேருக்குக் குறையாத அடர்த்தியுள்ள கட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, மொத்தம் 50,000 பேரை எட்டினால் அது மாநகராகும். ஆட்சி எல்லை எங்கே முடிகிறது என்பது இந்தக் கணக்கில் வருவதில்லை.

மக்கள்தொகை எண்களையாவது நம்பலாமா?

எச்சரிக்கையோடு நம்பலாம். நைரோபியின் கிபேராவைப் பத்து லட்சம் பேர் வாழும் ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய குடிசைப் பகுதி என்று பல ஆண்டுகள் உலகம் எழுதி வந்தது. கென்யாவின் 2009 கணக்கெடுப்பு அங்கே சுமார் 1,70,000 பேரையே எண்ணியது. எந்த எல்லைக்குள் எண்ணுவது என்பதில் வாதம் இருக்கலாம். இருந்தாலும் பத்து லட்சம் என்ற எண்ணுக்கு அடிப்படை கிடைக்கவில்லை.

லாகோஸின் கதை வேறு மாதிரியானது. நைஜீரியாவின் 2006 கணக்கெடுப்பு லாகோஸ் மாநிலத்தில் சுமார் 90 லட்சம் பேர் என்றது. மாநில அரசு தானே எண்ணி 1.75 கோடி என்றது. மத்திய வருவாயின் பங்கீடும் நாடாளுமன்ற இடங்களும் தலைக்கணக்கைச் சார்ந்திருக்கும் நாட்டில் எந்த எண்ணும் அரசியலிலிருந்து விலகி நிற்பதில்லை. இந்த நிலையில் லாகோஸில் இன்று எத்தனை பேர் என்று ஒற்றை எண்ணைச் சொல்லும் கட்டுரையைச் சந்தேகத்தோடு படிப்பதே நல்லது.

நகரம் பெருகுவது கிராமங்களிலிருந்து வருபவர்களால்தானா?

இது பாதி உண்மை. நகரத்தின் மக்கள்தொகை மூன்று வழிகளில் கூடுகிறது: வெளியிலிருந்து வருபவர்கள், நகரத்திலேயே பிறப்பவர்கள், நகர எல்லை விரியும்போதோ கிராமம் நகரமாக அறிவிக்கப்படும்போதோ உள்ளே வந்துவிடுபவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பெருநகரங்களில் பல காலம் பிறப்பைவிட இறப்பே அதிகம். குடிபெயர்வு இல்லாமல் அவை வளர்ந்திருக்க முடியாது. இன்றைய ஆப்பிரிக்க நகரங்களில் தடுப்பூசியும் மருத்துவமனையும் இறப்பைக் குறைத்துவிட்டன, பிறப்போ இன்னும் உயர்ந்தே இருக்கிறது; அதனால் அங்கே பல நகரங்களின் வளர்ச்சியில் பெரிய பங்கு நகரத்திலேயே பிறந்த குழந்தைகளுடையது. சீனாவில் பிறப்பு குறைவு என்பதால் குடிபெயர்வும் எல்லை விரிவும்தான் பெருக்கத்துக்குக் காரணம்.

கொள்கைக்கு இந்த வேறுபாடு முக்கியம். கிராமத்துச் சாலைகளை மேம்படுத்தினால் மக்கள் நகரத்துக்கு வருவது நின்றுவிடும் என்ற நம்பிக்கையில் திட்டம் தீட்டும் அரசு, பிறப்பால் வளரும் நகரத்துக்கு எந்த ஏற்பாடும் செய்யாமல் காலத்தைக் கடத்திவிடும்.

சீனாவின் நகரங்கள் மற்ற நாடுகளின் நகரங்களைவிட ஒழுங்காக வளர்ந்ததற்குக் காரணம் என்ன?

1978இல் சீன மக்களில் சுமார் 18 விழுக்காட்டினர் நகரங்களில் இருந்தார்கள். 2011இல் பாதியைத் தாண்டினார்கள். 2020 கணக்கெடுப்பில் சுமார் 64 விழுக்காடு. இவ்வளவு பெரிய நகர்வு தகரக் கொட்டகைகளின் பெருங்கடலாக முடியாமல் போனதற்கு நிலமும் குடும்பப் பதிவும் காரணங்கள்.

1982 அரசியலமைப்பின்படி நகர்ப்புற நிலம் அரசுக்குச் சொந்தம், கிராம நிலம் அங்குள்ள மக்களின் கூட்டுடைமை. கிராம நிலத்தை நகர மனையாக மாற்றும் வாசல் நீண்ட காலம் ஒன்றே ஒன்றாக இருந்தது: உள்ளாட்சி அரசு அதைக் கையகப்படுத்த வேண்டும். விளைச்சலின் மதிப்பை அடிப்படையாகக் கொண்டு உழவருக்கு இழப்பீடு தரப்பட்டது. அதே நிலம் சாலையும் குழாயும் போடப்பட்ட பிறகு பல மடங்கு விலைக்குக் குத்தகையாக விற்கப்பட்டது. குடியிருப்பு நிலத்தின் குத்தகைக் காலம் 70 ஆண்டுகள். நில உபயோக உரிமையை விற்க 1988இல் அரசியலமைப்புத் திருத்தம் வழிவிட்டது. 1994 வரிச் சீர்திருத்தம் வரி வருவாயில் பெரும் பங்கை மைய அரசுக்குக் கொண்டு சென்றபோது, உள்ளாட்சிகள் நில வருவாயை நம்பியே வாழத் தொடங்கின. சாலையையும் குழாயையும் முதலில் போடும் அக்கறை இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருந்தது. வசதி வந்த மனைதான் விலை போகும்.

இரண்டாவது காரணம் 1958 முதல் நடைமுறையில் உள்ள ஹூக்கோவ் என்னும் குடும்பப் பதிவு முறை. கிராமப் பதிவு உள்ளவர் நகரத்துத் தொழிற்சாலையில் வேலை செய்யலாம். ஆனால் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம், சமூகக் காப்பீடு, மலிவு வாடகை வீடு போன்றவற்றில் நகரவாசிக்கு இணையான உரிமை அவருக்கு எளிதில் கிடைப்பதில்லை. பல குடும்பங்கள் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் கிராமத்திலேயே விட்டுவந்தன. ஆக, குடிசைப் பகுதி காணப்படவில்லை என்பதில் ஒரு பகுதி, ஏழைக் குடும்பம் முழுமையாக நகரத்துக்குள் வரவில்லை என்பதும்தான்.

மீதியைப் பார்க்க ஷென்செனுக்குள் போக வேண்டும். 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவிக்கப்பட்டபோது சில லட்சம் பேர் இருந்த அந்தப் பகுதி 2020இல் சுமார் 1.75 கோடி பேரைக் கொண்டிருந்தது. அரசு வயல்களைக் கையகப்படுத்தியபோது கிராமங்களின் வீட்டு மனைகளை விட்டுவைத்தது. அந்த மனைகளில் பழைய கிராமத்தார் ஆறேழு மாடிகளை எழுப்பி அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். எதிரெதிர்க் கட்டடங்களில் உள்ள இருவர் சன்னல் வழியே கை குலுக்கலாம் என்னும் அளவுக்கு இடைவெளி குறுகலாக இருப்பதால் அவற்றுக்குக் கைகுலுக்கும் கட்டடங்கள் என்றே பெயர். கீழே சந்தில் பகலிலும் விளக்கெரியும். தலைக்கு மேல் கம்பிகள் பின்னிக் கிடக்கும். ஷென்சென் தொழிலாளர்களில் பெரும் பங்கினரைத் தங்கவைத்தவை திட்டமிடப்பட்ட குடியிருப்புகளல்ல, இந்தக் கிராமங்களே.

லத்தீன் அமெரிக்கா எதில் வேறுபடுகிறது?

காலத்தில் வேறுபடுகிறது, ஆசியாவும் ஆப்பிரிக்காவும் இன்று கடக்கும் கட்டத்தை அது இரண்டு தலைமுறைக்கு முன்பே கடந்தது. பிரேசிலின் நகர்ப்புறப் பங்கு 1940இல் சுமார் 31 விழுக்காடு, 1970இல் 56. இறக்குமதியைக் குறைத்து உள்நாட்டில் உற்பத்தி செய்யும் கொள்கை ஆலைகளைக் கொண்டுவந்தது. ஆலைகள் ஆட்களை அழைத்தன. வீடு யார் கட்டுவது என்ற கேள்விக்கு மட்டும் யாரும் விடை சொல்லவில்லை. சாவோ பாவ்லோவின் விளிம்பில் தனியார் நிலத்தைத் துண்டு போட்டுத் தவணையில் விற்றார்கள். வாங்கியவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்களே வீடு கட்டினார்கள். பேருந்து முதலில் வந்தது, தார்ச்சாலை பிறகு வந்தது. மெக்சிகோவில் புரட்சிக்குப் பின் கிராமச் சமூகங்களுக்கு வழங்கப்பட்ட நிலத்தை 1992 அரசியலமைப்புத் திருத்தம் வரை சட்டப்படி விற்க முடியாது. ஆனாலும் அது விற்கப்பட்டது, நகரமாக மாறியது, பல ஆண்டுகள் கழித்து அரசு அதை முறைப்படுத்தியது.

பெருவின் தலைநகர் லிமாவைச் சுற்றியிருந்தது அரசுக்குச் சொந்தமான பாலைநிலம். விளைச்சல் இல்லாத அந்த மண்ணுக்கு அன்று போட்டியில்லை. ஆகவே குடியேற்றத்தை அரசு பெரும்பாலும் சகித்துக்கொண்டது, சில நேரங்களில் வழிகாட்டவும் செய்தது. 1971இல் நகருக்குள் நிலத்தை ஆக்கிரமித்த குடும்பங்களை அன்றைய இராணுவ அரசு தெற்கே மணல்வெளிக்கு அனுப்பியது. அப்படி உருவான வில்லா எல் சால்வடாரில் வீடுகளுக்கு முன்பே வரைபடம் இருந்தது. 24 மனைகள் ஒரு தொகுதி, 16 தொகுதிகள் ஒரு குடியிருப்புக் குழு, நடுவில் பள்ளிக்கும் விளையாட்டுக்கும் பொது வெளி. குடும்பங்கள் நாணற்பாய்களால் சுவர் வைத்து வாழ்க்கையைத் தொடங்கின. பாய் செங்கல்லாக மாற ஆண்டுகள் ஆயின. மொட்டை மாடியில் அடுத்த மாடிக்கான கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும், பணம் சேரும்போது மேலே எழும். தெருவுக்கான இடம் தொடக்கத்திலேயே விடப்பட்டிருந்ததால், பின்னர் குழாய் பதிக்க வந்தபோது யார் வீட்டையும் இடிக்க வேண்டியிருக்கவில்லை.

பட்டா கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

நகரங்களைப் பற்றிய கொள்கைப் பேச்சில் அளவுக்கு மேல் புகழப்பட்ட மருந்து இதுவே என்பது என் கருத்து. பெரு 1996இல் ஒரு தனி அமைப்பை நிறுவிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உரிமைப் பத்திரங்களை வழங்கியது. பத்திரத்தை அடகு வைத்து ஏழைகள் வங்கிக் கடன் பெறுவார்கள், அதில் தொழில் தொடங்குவார்கள் என்பது எதிர்பார்ப்பு. ஆய்வுகள் கண்டது வேறு. வீட்டைப் புதுப்பிப்பது கூடியது. இடத்தைக் காவல் காக்க வேண்டிய கட்டாயம் குறைந்ததால் வெளியே வேலைக்குப் போகும் நேரமும் கூடியது. வங்கிக் கடன் மட்டும் எதிர்பார்த்த அளவில் வரவில்லை. வங்கி பார்ப்பது வருமானச் சான்றை; சிறு வீட்டை ஏலம் விடும் செலவும் அதற்குக் கட்டுபடியாகாது.

பிரேசில் இன்னொரு வழியைத் தேர்ந்தது. 1988 அரசியலமைப்பின் 183ஆம் பிரிவு, 250 சதுர மீட்டருக்கு மேற்படாத நகர்ப்புற நிலத்தில் ஐந்து ஆண்டுகள் எதிர்ப்பின்றித் தொடர்ந்து குடியிருந்தவர், வேறு சொத்து இல்லாதவராயின், அந்த இடத்துக்கு உரிமை கோரலாம் என்கிறது. 2001 நகரச் சட்டம் இதற்கான நடைமுறைகளை வகுத்தது. வழக்குகள் இழுத்தடிக்கப்படுகின்றன என்பது உண்மை. ஆனால் நாளை காலை இயந்திரம் வந்து இடித்துவிடுமோ என்ற அச்சம் தணிந்தாலே மக்கள் செங்கல் வாங்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெருவிலும் பிரேசிலிலும் வேலை செய்தது அந்தப் பாதுகாப்புதான்.

ஆப்பிரிக்க நகரங்கள் தொழிற்சாலை இல்லாமல் வளர்வது எப்படி?

கிழக்கு ஆசியாவில் ஆலை வந்தது, ஆட்கள் வந்தார்கள். ஆப்பிரிக்காவில் எண்ணெய் அல்லது கனிமத்தை ஏற்றுமதி செய்யும் நாடுகளில் வருவாய் தலைநகருக்கு வந்து சேர்கிறது. அதைச் செலவு செய்பவர்களைச் சுற்றிக் கடை, காவல், கட்டுமானம், போக்குவரத்து, வீட்டு வேலை என நகரம் வளர்கிறது. அங்கோலாவின் லுவாண்டாவும் நைஜீரியாவின் லாகோஸும் இந்த வகைக்கு நெருக்கமானவை. இவற்றின் ஆபத்து, வருவாய் சரிந்தால் நகரமும் தள்ளாடும் என்பது. சாம்பியா இதற்குச் சான்று. செம்புச் சுரங்கங்களால் சஹாராவுக்குத் தெற்கே அதிகம் நகரமயமான நாடுகளுள் ஒன்றாக அது இருந்தது. செம்பு விலை வீழ்ந்த பிறகு நகர்ப்புறப் பங்கு 1980இல் சுமார் 40 விழுக்காட்டிலிருந்து 2000இல் சுமார் 35 விழுக்காடாகக் குறைந்தது. சுரங்க நகரங்களிலிருந்து மக்கள் உழவுக்குத் திரும்பினார்கள். நகரமயமாதல் ஒருவழிப் பாதை என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நிலத்தைப் பொறுத்தவரை ஆப்பிரிக்க நகரங்கள் பலவற்றில் அரசுச் சட்டமும் மரபுரிமையும் ஒரே மனையில் மோதுகின்றன. நைஜீரியாவின் 1978 நில உபயோகச் சட்டம் மாநிலத்தின் நிலத்தை ஆளுநரின் பொறுப்பில் வைத்தது. உரிமை மாற்றத்துக்கு அவருடைய ஒப்புதல் வேண்டும். நடைமுறையில் லாகோஸில் மனை வாங்குபவர் நிலத்தைத் தலைமுறையாக வைத்திருக்கும் குடும்பத்துக்கும் பணம் கொடுக்கிறார். அடித்தளம் தோண்டும்போது ஒருமுறை, கூரை போடும்போது ஒருமுறை என்று அந்தக் குடும்பத்தின் பெயரைச் சொல்லி வரும் இளைஞர்களுக்கும் கொடுக்கிறார். ஒரே மனையைப் பலருக்கு விற்கும் மோசடி அவ்வளவு சாதாரணம் என்பதால், வீட்டுச் சுவரிலேயே ‘இந்த வீடு விற்பனைக்கு அல்ல’ என்று பெரிய எழுத்தில் தீட்டி வைத்திருப்பதை அங்கே தெருத்தெருவாகப் பார்க்கலாம்.

எத்தியோப்பியா எதிர்முனையில் நிற்கிறது. 1975இல் நகர நிலம் முழுவதும் அரசுடைமையானது. 2000களின் நடுவிலிருந்து ஆடிஸ் அபாபாவில் அரசே அடுக்குமாடிகளைக் கட்டிக் குலுக்கல் முறையில் ஒதுக்கியது. வீடுகள் எழுந்தன, முன்பணமும் தவணையும் கட்ட முடியாத ஏழைகள் பலர் கிடைத்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறிடம் போனார்கள்.

குடிசைப் பகுதிகளை அகற்றினால் நகரம் சீராகாதா?

லாகோஸின் மரோகோ என்னும் குடிசைப் பகுதி 1990 ஜூலையில் இடிக்கப்பட்டது. சுமார் மூன்று லட்சம் பேர் வெளியேற்றப்பட்டதாகக் கணக்கு. சிம்பாப்வேயின் 2005 இடிப்பு நடவடிக்கையில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்ததாக ஐக்கிய நாடுகள் அவை மதிப்பிட்டது. வெளியேற்றப்பட்டவர்கள் மறைந்துவிடுவதில்லை, இன்னும் தொலைவான, இன்னும் நெருக்கமான குடிசைப் பகுதிக்குப் போகிறார்கள். மரோகோ இருந்த இடம் பின்னர் வசதியானவர்களின் குடியிருப்பானது.

வீடு முதலில் வந்துவிட்ட பிறகு குழாயைக் கொண்டுவர முடியுமா?

முடியும். இதற்குக் கராச்சியின் ஒராங்கியை விடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. தரகர்கள் துண்டு போட்டு விற்ற அரசு நிலத்தில் வளர்ந்த பெரும் குடியிருப்பு அது. கழிவுநீர் தெருவிலேயே ஓடியது. 1980இல் அக்தர் ஹமீத் கான் அங்கே தொடங்கிய முன்னோடித் திட்டம் சிக்கலை நான்காகப் பிரித்தது: வீட்டுக்குள் கழிப்பறை, சந்துக்கு அடியில் குழாய், சந்துகளைச் சேர்க்கும் இடைநிலைக் குழாய், நகரத்தின் முதன்மைக் கால்வாய். முதல் மூன்றையும் மக்களே செலவு செய்து அமைக்கலாம், நான்காவதை அரசுதான் செய்ய வேண்டும் என்பது அவர்களின் கணக்கு.

வேலையின் அலகு சந்து. இருபது முப்பது வீடுகள் உள்ள ஒரு சந்து ஒன்றுகூடித் தங்களுக்குள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுக்கும். அவர் வீட்டுக்கு வீடு பணம் திரட்டுவார். திட்டத்தின் ஆட்கள் மட்டம் பார்த்து, வரைபடம் போட்டு, வார்ப்பு அச்சும் கருவியும் இரவல் தருவார்கள், பணத்தைத் தொடமாட்டார்கள். ஒப்பந்ததாரரும் அவருடைய இலாபமும் இல்லாததால் அரசுச் செலவின் சிறு பங்கிலேயே வேலை முடிந்தது. பின்னர் நகரத்தின் கால்வாய்களைப் பற்றிய மிக விரிவான வரைபடங்களும் இவர்களிடமே இருந்தன.

ஜகார்த்தா 1969இல் தொடங்கிய கம்பம் (நகருக்குள் எளியோர் வாழும் குடியிருப்பு) மேம்பாட்டுத் திட்டத்தில் யாரையும் வெளியேற்றாமல், பத்திரச் சிக்கலையும் தொடாமல், நடைபாதை, வடிகால், பொதுக்குழாய் ஆகியவற்றை மட்டும் கொண்டுவந்தது. இருந்தாலும் முன்கூட்டியே தெருவை அளந்து வைத்த இடங்களே நீண்ட காலத்தில் முந்துகின்றன. 1970களிலும் 80களிலும் தான்சானியாவின் நகரங்களில் வெற்று நிலத்தில் மனையும் தெருவும் குழாயும் மட்டும் அமைத்துக் கொடுக்கப்பட்ட பகுதிகளில், பல பத்தாண்டுகள் கழித்து, பின்னால் மேம்படுத்தப்பட்ட பழைய குடியேற்றங்களைவிட நல்ல வீடுகள் காணப்பட்டன.

புதிய தலைநகர் கட்டினால் பழைய நகரத்தின் நெருக்கடி தீருமா?

தீர்ந்ததாகச் சான்றில்லை. பிரேசிலியா 1960 ஏப்ரல் 21இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய தொழிலாளர்களுக்காகத் தாகுவாதிங்கா என்ற துணை நகரம் 1958இலேயே உருவாகிவிட்டது. தலைநகருக்கு முன்பே அதன் புறநகர் வந்துவிட்டது. 1991இல் நைஜீரியாவின் தலைநகர் அபுஜாவுக்கு மாறியது. லாகோஸின் வளர்ச்சி நிற்கவில்லை, அபுஜாவைச் சுற்றியும் திட்டத்தில் இல்லாத குடியிருப்புகள் பெருகின. எகிப்தும் இந்தோனேசியாவும் இப்போது அதே வழியில் போகின்றன.

நெருக்கடிக்குத் தீர்வு மாடிகளை உயர்த்துவதா, பரப்பை விரிப்பதா?

இரண்டும் நடக்கும், எது எங்கே நடக்கிறது என்பதை விதி தீர்மானிக்கிறது. மும்பையின் தீவு நகரப் பகுதியில் தளப்பரப்புக் குறியீடு (மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) நீண்ட காலம் 1.33 ஆகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1947 வாடகைச் சட்டம் பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் ஊக்கத்தையும் பறித்தது. சட்டப்படியான தளப்பரப்பு சுருங்கியபோது நெருக்கம் தாராவி போன்ற இடங்களில் தரையோடு தரையாகக் குவிந்தது. கெய்ரோவில் இதே அழுத்தம் வேறு உருவெடுத்தது. அங்கே முறைசாராக் குடியிருப்பு என்பது தகரக் கொட்டகை அல்ல. உழவர்களிடம் முறையாக விலைக்கு வாங்கிய விளைநிலத்தில் அனுமதி இல்லாமல் எழுந்த செங்கல் அடுக்குமாடி. வயலின் பாசன வாய்க்கால்களும் வரப்புகளுமே பின்னர் சந்துகளாயின. அதனால்தான் அவை நீண்டு குறுகிக் கிடக்கின்றன.

போக்குவரத்துத் திட்டங்களை ஒரு நகரத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோகலாமா?

பேருந்தைக் கொண்டுபோகலாம், நிலக் கொள்கையையும் சேர்த்துக் கொண்டுபோனால்தான் பயன் கிடைக்கும். 1974இல் பிரேசிலின் குரிடிபா தனி வழிப் பேருந்தைத் தொடங்கியபோது, உயர்ந்த கட்டடங்களை அந்த வழித்தடங்களின் ஓரத்தில் மட்டுமே அனுமதிக்கும் விதியும் உடன் இருந்தது. கொலம்பியாவின் பொகோட்டா 2000இலும் லாகோஸ் 2008இலும் பேருந்து முறையை எடுத்துக்கொண்டன. கொலம்பியாவின் மெடலின் 2004இல் மலைச்சரிவுக் குடியிருப்புகளுக்குக் கம்பிவழி ஊர்தி அமைத்தது. சாலை போட இடமே விடாமல் வளர்ந்த பகுதிக்கு அது பொருத்தமான விடை.

தென்னாப்பிரிக்காவின் சிக்கலை எந்த ஊர்தியும் எளிதில் தீர்க்காது. 1950 குழுப் பகுதிச் சட்டம் கறுப்பின மக்களை வேலையிடத்திலிருந்து தொலைவில் குடியமர்த்தியது. 1994க்குப் பிறகு அரசு கட்டித் தந்த இலவச வீடுகளும் மலிவு நிலத்தைத் தேடி அதே விளிம்புகளுக்கே போயின. காலையில் ஒரு திசையில் நிரம்பி வழியும் பேருந்து காலியாகத் திரும்புகிறது. அதன் செலவைப் பயணிகளோ அரசோ சுமக்க வேண்டியிருக்கிறது.

ஜகார்த்தாவும் மெக்சிகோ நகரமும் தரைக்குள் இறங்குவதற்கும் நகர வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. குழாய் நீர் எட்டாத இடத்தில் வீடும் விடுதியும் ஆலையும் ஆழ்துளைக் கிணற்றை நம்புகின்றன. நீர் உறிஞ்சப்பட்ட களிமண் அடுக்கு சுருங்குகிறது. மேலே உள்ள நகரம் இறங்குகிறது. வட ஜகார்த்தாவின் சில இடங்கள் சில பத்தாண்டுகளில் மீட்டர் கணக்கில் தாழ்ந்து, கடலைச் சுவரால் தடுக்கும் நிலைக்கு வந்துவிட்டன. மெக்சிகோ நகரம் பழைய ஏரிப் படுகையில் அமர்ந்திருப்பதால் அங்கே இறக்கம் சீராக இல்லை. கட்டடங்கள் சாய்கின்றன, நிலத்தடிக் குழாய்கள் உடைகின்றன, உடைந்த குழாயில் வீணாகும் நீரை ஈடுகட்ட மீண்டும் நிலத்தடி நீரே எடுக்கப்படுகிறது.

நகரத்தை நடத்துவது யார் என்பதில் நாடுகள் வேறுபடுகின்றனவா?

மிகவும். ஷாங்காய் ஒரு மாகாணத்துக்கு இணையான அதிகாரம் உடையது. பிரேசிலின் மாநகரத் தலைவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு உண்மையான அதிகாரத்தோடு செயல்படுகிறார். மும்பையில் செயலதிகாரம் மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடம் இருக்கிறது. நகராட்சிகளுக்கு அதிகாரத்தைப் பகிரச் சொன்ன அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் வந்த பின்னும் பல மாநிலங்கள் நிலத் திட்டமிடலைத் தங்கள் வாரியங்களிடமே வைத்துக்கொண்டன. மணிலா பெருநகரம் 17 உள்ளாட்சிகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஓர் ஆற்றின் வெள்ளத்தைத் தடுக்கப் பல உள்ளாட்சிகள் உடன்பட வேண்டும்.

இரண்டு நகரங்களை நானே ஒப்பிட விரும்பினால் எப்படித் தொடங்குவது?

ஒரே அளவுள்ள நகரங்களைத் தேடுவதைவிட, ஒரே அழுத்தமும் வேறு நிலமும் உள்ள இணையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. விலைக்கு விற்கப்பட்ட விளைநிலத்தில் வளர்ந்த கெய்ரோவையும் அரசுப் பாலைநிலத்தில் வளர்ந்த லிமாவையும் சேர்த்துப் பார்த்தால், லாகோஸையும் மும்பையையும் தலைக்கணக்கில் ஒப்பிடுவதைவிட அதிகம் விளங்கும். நகரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளாமல் நகருக்கு இரண்டு மூன்று குடியிருப்புகளை எடுத்து, முதல் வீடு, முதல் மின் இணைப்பு, முதல் குழாய் இணைப்பு, முதல் பத்திரம் ஆகியவற்றின் ஆண்டுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் வீட்டின் ஆண்டை அறிய லாண்ட்சாட் செயற்கைக்கோளின் படங்கள் உதவும். 1972 முதல் எடுக்கப்பட்ட அவை 2008 முதல் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. அக்காலப் படங்களில் தனி வீடு தெரியாது, வயல் மறைந்து கட்டடப் பரப்பு தோன்றும் காலம் தெரியும். மற்ற மூன்று ஆண்டுகளுக்கு மின்வாரியம், குடிநீர் வாரியம், பதிவு அலுவலகம் ஆகியவற்றின் பதிவேடுகளைத்தான் நாட வேண்டும். பதிவேடு கிடைக்காத இடத்தில் அந்தத் தெருவில் நெடுங்காலம் குடியிருப்பவர்கள் குழாய் வந்த ஆண்டைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.